தன்மை ஒருமை

எம்பிஏ விண்ணப்பப் படிவத்தில் 'தற்போதைய பதவி' என்று ஒரு கட்டம். அதை நிரப்ப எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஏழு வருடம் வேலை பார்த்திருந்தேன். ஏழு வருடத்தில் யாரும் எனக்குப் பதவி என்று ஒன்றைக் கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. தொழிலாளர்களுக்கு நான் பாப்பா. வாடிக்கையாளர்களுக்கு 'சாரோட பொண்ணு'. காலையில் காகித ரீல் இறங்கும்போது எடை பார்ப்பேன். பதினோரு மணிக்கு மேல் பாக்கி கேட்டுப் போன் போடுவேன். மதியம் பசை இயந்திரம் நின்றுபோனால் மெக்கானிக்கைத் தேடுவேன். மாலையில் மறுநாள் லோடுக்கு லாரி பிடிப்பேன். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் வைக்கச் சொன்னால் என்ன வைப்பது? கடைசியில் 'செயல்பாட்டு மேலாளர்' என்று போட்டேன். போட்டுவிட்டு, யாரோ ஒருவருடைய விசிட்டிங் கார்டைத் திருடிக்கொண்டது போல உட்கார்ந்திருந்தேன்.

குடும்பத் தொழிலில் இருந்துகொண்டு எம்பிஏவுக்கு விண்ணப்பிப்பவர்கள் என்னிடம் பெரும்பாலும் தேர்வைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தேர்வு கடினம்தான், ஆனால் அது எல்லோருக்கும் ஒரே கடினம். நமக்கென்று தனியாக இருக்கும் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

தேர்வை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட் 2023 நவம்பரில் புதிய வடிவத்துக்கு மாறியது. கணிதம், மொழி, தரவு என்று மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம், மொத்தம் 64 கேள்வி, மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய தேர்வில் இருந்த கட்டுரை, வடிவியல், வாக்கியத்தைத் திருத்தும் கேள்விகள் எல்லாம் போய்விட்டன. தரவுப் பிரிவில் மட்டும்தான் கால்குலேட்டர் கிடைக்கும், கணிதப் பிரிவில் கிடையாது. எந்நேரமும் லெட்ஜரோடும் சலானோடும் மல்லுக்கட்டியவர்களுக்குத் தரவுப் பிரிவு அவ்வளவு மிரட்டாது. ஒரே அட்டவணையை மூன்று பேர் மூன்று விதமாகப் படித்துச் சண்டை போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். என்னைப் படுத்தியது மொழிப் பிரிவுதான். அதைவிடப் படுத்தியது, படிக்க உட்காரும் நேரம் பார்த்து வரும் போன். வெளியே வேலை பார்ப்பவர்கள் விடுமுறை எடுக்கலாம். சொந்தத் தொழிலில் யாரிடம் லீவ் கேட்பது, கேட்டாலும் போன் நிற்கவா போகிறது? சரி, தேர்வுக் கதை இத்துடன் போதும்.

சிக்கல் கட்டுரையில் ஆரம்பித்தது.

முதல் வரைவை எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. தொழிற்சாலை வளர்ந்த கதை, நெருக்கடிகள், மீண்டு வந்தது எல்லாம் இருந்தது. இரண்டு நாள் கழித்து அதை எடுத்துப் படித்தபோது, ஏதோ தோன்றி, ஒரு சொல்லை மட்டும் கணினியில் தேடி எண்ணிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'வீ' என்று எழுதியிருந்த இடம் முப்பத்தொன்று. 'ஐ' ஐந்து. அந்த ஐந்தில் இரண்டு, 'நான் நம்புகிறேன்', 'நான் நினைக்கிறேன்'.

தமிழில் அந்த 'வீ'க்கு இரண்டு சொல் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், அவரை விட்டுவிட்டால் நாங்கள். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பள்ளியில் நெட்டுருப் போட்டது ஞாபகம் இருக்கலாம். எங்கள் தொழிற்சாலை முழுக்க 'நாம்'தான். நம்ம மெஷின், நம்ம லோடு, நம்ம கடன். இரவுக் காவலுக்கு வருபவர்கூட 'நம்ம பேங்க்காரங்க இன்னிக்கு வந்தாங்க' என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லுக்குள் பதுங்கிக்கொள்வது அவ்வளவு சுகம். நல்லது நடந்தால் எனக்கும் பங்கு, கெட்டது நடந்தால் என் பங்கு எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். விண்ணப்பம் கேட்பது தன்மை ஒருமையை. நீ என்ன செய்தாய்? நீ இல்லாவிட்டால் எது நடந்திருக்காது?

இந்தக் கேள்வியைச் சுற்றி வளைத்துப் போக இடமே இல்லை. ஹார்வர்ட் வணிகப் பள்ளி 2024இல் தன் நீண்ட ஒற்றைக் கட்டுரையை எடுத்துவிட்டு மூன்று சின்னக் கட்டுரைகள் கேட்க ஆரம்பித்தது. ஒன்றுக்கு 300 சொல், மற்ற இரண்டுக்கும் 250 சொல். 250 சொல்லில் தாத்தா தொழில் தொடங்கிய கதையைச் சொன்னால் நம் கதைக்கு இடம் மிஞ்சாது. ஸ்டான்ஃபோர்ட் பல வருடமாகக் கேட்டுவரும் கேள்வி, 'உங்களுக்கு எது மிக முக்கியம், ஏன்?' இதில் 'உங்களுக்கு' என்பது அப்பாவையும் சித்தப்பாவையும் சேர்த்து அல்ல.

ஆக, நான் செய்தவை எவை என்று பட்டியல் போட்டேன். முதல் இடத்தில் வேஸ்டேஜ். நான் வந்த காலத்தில் வாங்கும் காகிதத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு கிலோ கழிவாகப் போய்க்கொண்டிருந்தது, ஏழு வருடத்தில் அது எட்டுக்கு வந்திருந்தது. நான் தினமும் கழிவை எடை போட்டுச் சுவரில் எழுதி ஒட்ட ஆரம்பித்த பிறகுதான் குறைந்தது என்பது என் நம்பிக்கை. வீட்டிலும் அப்படித்தான் பேச்சு. எண்களைச் சரிபார்த்துப் போடலாம் என்று பழைய லெட்ஜர்களை இறக்கினேன்.

இறக்காமல் இருந்திருக்கலாம். நான் சேர்வதற்கு ஐந்து மாதம் முன்பே கழிவு குறையத் தொடங்கியிருந்தது. காகித ஆலையிலிருந்து அதுவரை இரண்டே அகலத்தில் ரீல் வாங்கிக்கொண்டிருந்த அப்பா, மூன்றாவதாக ஒரு அகலத்துக்குப் பேசி முடித்திருக்கிறார். பெட்டியின் அளவுக்கும் ரீலின் அகலத்துக்கும் பொருத்தம் இல்லையென்றால் ஓரத்தில் வெட்டி எறியும் துண்டு அதிகமாகும். அகலம் பொருந்தியதும் அந்தத் துண்டு குறைந்துவிட்டது. என் சுவர் அட்டவணை வந்த மாதத்தில் கோடு கொஞ்சம்கூட வளையவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "ஆமா, அது முன்னாடியே பண்ணது. நீ ஆசையா எழுதி ஒட்டினியே, சரின்னு விட்டுட்டேன்" என்றார்.

அன்றைக்கு விண்ணப்பத்தையே மூடி வைத்துவிட்டேன். ஏழு வருடம் அப்பாவின் நிழலில் நின்றுகொண்டு நிழலின் நீளத்தைப் பார்த்து என் உயரம் என்று நினைத்திருக்கிறேன் என்ற எரிச்சல். இந்த நிலைக்கு எல்லோரும் ஒருமுறை வருவார்கள் என்று நினைக்கிறேன். வராதவர்கள் லெட்ஜரைப் பார்க்காதவர்கள்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் உட்கார்ந்தேன். இந்த முறை பட்டியலை வைத்து லெட்ஜரைப் பார்க்காமல், லெட்ஜரை வைத்துப் பட்டியல் போட்டேன். எந்த எண் எந்த மாதத்தில் திரும்பியது, அந்த மாதத்தில் யார் எதை மாற்றினார்கள்? பாக்கி வசூலில் ஒன்று கிடைத்தது. நாங்கள் கொடுக்கும் கடன் தவணை 60 நாள். பணம் கைக்கு வருவதோ சராசரியாக 94 நாளில். காகித ஆலைக்கு நாங்கள் 30 நாளில் கட்டியாக வேண்டும். நடுவில் இருக்கும் இடைவெளியை வங்கி வட்டியில்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளர்கள் இழுத்தடிக்கிறார்கள் என்று வீட்டில் எல்லோரும் அவர்களைத் திட்டுவோம். நான் வந்த மூன்றாவது வருடத்தில் ஒவ்வொரு பில்லாக எடுத்து, சரக்கு போன தேதி, பில் போன தேதி, அவர்கள் கணக்கில் ஏறிய தேதி என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். தாமதத்தில் பாதி எங்களுடையது. பில்களைச் சேர்த்துவைத்து வாரக் கடைசியில் கட்டாக அனுப்பியிருக்கிறோம். சரக்கு வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்து வாங்கிய சலான் நகல் லாரி டிரைவரின் பையிலேயே கிடந்திருக்கிறது. நகல் இல்லாமல் அவர்கள் ஸ்டோரில் வரவு வைக்க மாட்டார்கள், வரவு வைத்த நாளிலிருந்துதான் 60 நாள் எண்ண ஆரம்பிப்பார்கள். சரக்கோடு பில்லும் போக வேண்டும், சலான் நகல் அன்று மாலையே திரும்ப வேண்டும் என்று மாற்றினேன். எட்டு மாதத்தில் 94 நாள் 76 ஆனது. யாரிடமும் சண்டை போடவில்லை, யாரையும் கெஞ்சவில்லை.

இதை நான் பெரிய விஷயமாகவே நினைத்திருக்கவில்லை, முதல் பட்டியலில் ஏறக்கூட இல்லை. சரக்கு கிடங்கில் இருக்கும் நாட்களோடு வசூலாகும் நாட்களைக் கூட்டி, நாம் கடன் வைத்திருக்கும் நாட்களைக் கழித்தால் வருவதுதான் நிதிப் பாடத்தில் பணச் சுழற்சிக் காலம் என்று பிற்பாடு படித்தேன். பாடத்தில் அது இரண்டு வரி.

அடுத்து பரிந்துரைக் கடிதம். பொதுவாக இரண்டு கேட்பார்கள், நேரடி மேலதிகாரியிடமிருந்து வந்தால் நல்லது என்பார்கள். என் மேலதிகாரி அப்பா. அவர் எழுதக் கூடாது. அப்பா மட்டுமல்ல, குடும்பத்தில் யார் எழுதினாலும் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. வாடிக்கையாளர், சரக்கு கொடுப்பவர், தணிக்கையாளர் மாதிரி வெளியாட்களைத் தேடிக்கொள்ளச் சொல்வார்கள். சிலர் குடும்ப நண்பரான பெரிய மனிதர் யாரையாவது பிடிக்கிறார்கள். அது வீண் வேலை என்பது என் கருத்து. பல கல்லூரிகள் பயன்படுத்தும் பொதுவான பரிந்துரைப் படிவத்தில் இரண்டு கேள்விகள் முக்கியமானவை. இதே போன்ற வேலையில் இருக்கும் மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எப்படி? இவருக்கு நீங்கள் சொன்ன முக்கியமான ஒரு திருத்தம் என்ன, அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார்? பெரிய மனிதர் இதற்கு என்ன பதில் எழுதுவார்? 'சின்ன வயதிலிருந்தே தெரியும், நல்ல பெண்' என்பார்.

எனக்கு எழுதிக் கொடுத்தவர் எங்கள் லாரியைத் திருப்பி அனுப்பியவர்.

அவர் ஒரு பெரிய வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் மேனேஜர். ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஐந்து பிளை பெட்டிகள் (ஐந்து தாள் சேர்த்து ஒட்டிய அட்டையில் செய்தவை) அவர்கள் கிடங்கில் அடுக்கிய இடத்தில் நசுங்கின. மேலே இருந்தவை தப்பித்தன, அடி வரிசை மொத்தமும் போயிற்று. புகார் வந்ததும் நான் சோதனைச் சான்றிதழை அனுப்பி, பெட்டி ஆர்டரில் கேட்ட பர்ஸ்டிங் வலுவோடு இருக்கிறது, தவறு எங்களுடையது இல்லை என்று எழுதினேன். எழுதிய விதம் இன்று படித்தால் கூசுகிறது. மறுநாள் வந்த லோடை அவர் வாசலிலேயே திருப்பிவிட்டார். போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "சர்டிஃபிகேட் எனக்கும் படிக்கத் தெரியும்மா. ஒரு தடவை என் குடோனுக்கு வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். பெட்டிகள் எட்டு அடுக்கு நின்றன. பர்ஸ்டிங் என்பது அட்டையின் பரப்பை அழுத்தினால் வெடித்துக் கிழியாமல் தாங்கும் வலு. அடுக்கின் சுமையைத் தாங்குவது அட்டை விளிம்பின் வலு, அது வேறு. 1963இல் மக்கீ என்பவரும் சகாக்களும் வெளியிட்ட சூத்திரம் ஒன்று எங்கள் தொழிலில் இன்றும் புழங்குகிறது. பெட்டி எவ்வளவு சுமை தாங்கும் என்பதை விளிம்பு வலு, அட்டையின் தடிமன், பெட்டியின் சுற்றளவு ஆகிய மூன்றையும் வைத்துக் கணக்கிடும். பர்ஸ்டிங் அதில் வரவே வராது. போதாக்குறைக்கு ஈரக் காற்றில் காகிதம் வலுவிழக்கும். அவர்கள் கேட்டதை நாங்கள் கொடுத்திருந்தோம், அவர்களோ கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கவில்லை. அதைச் சொல்லித் தர வேண்டியது பெட்டி செய்கிற நாங்கள்தானே? திரும்பி வந்து விளிம்பு வலுவுக்கு ஏற்ற காகிதத்தில் மாதிரி செய்து, அவர் கிடங்கிலேயே மூன்று வாரம் அடுக்கி வைத்துக் காட்டினேன். அப்புறம்தான் ஆர்டர் திரும்ப வந்தது.

பரிந்துரை கேட்கப் போனபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அந்த மழைக்காலக் கதையைத்தான் எழுதுவேன், பரவாயில்லையா?" திருத்தம் பற்றிய கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான பதில் கிடையாது. ஒப்பிடும் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது, பன்னிரண்டு கம்பெனிகளிடம் பெட்டி வாங்குபவர் அவர். இரண்டாவது கடிதம் காகித ஆலையின் விற்பனை மேலாளர் எழுதியது. வாங்குகிற இடத்திலும் விற்கிற இடத்திலும் நம்மை நோட்டமிட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு, அவர்களிடம் போங்கள்.

மூன்றாவது சிக்கல், 'எம்பிஏ எதற்கு?' வேலையில் இருப்பவர்கள் அடுத்த பதவி, வேறு துறை என்று சொல்லிவிடலாம். நம்மிடம் கேட்பது இரண்டு முனையிலும் குத்தும். தொழிலுக்குத் திரும்பப் போகிறேன் என்றால், நாற்காலி எப்படியும் உனக்குத்தானே, படிப்பு எதற்கு? திரும்ப மாட்டேன் என்றால், அப்பாவை விட்டு ஓடி வருகிறாயா? திரும்பிப் போவதாகச் சொன்னால் கல்லூரியின் வேலைவாய்ப்புக் கணக்கு கெட்டுவிடும், அதனால் எடுக்க மாட்டார்கள் என்று என்னிடம் ஒருவர் சத்தியம் செய்தார். உண்மையில் குடும்பத் தொழிலுக்குத் திரும்புபவர்களை வேலைவாய்ப்பு அறிக்கைகளில் பொதுவாக 'வேலை தேடாதவர்கள்' என்று தனியே வைத்துவிடுவார்கள். அந்தப் பயம் வேண்டாம்.

ஆனால் எனக்கே விடை தெரியாமல்தான் இருந்தது. தெளிவு வந்தது ஒரு படத்தைப் பார்த்து. ஹார்வர்டில் ரெனாட்டோ டாகியூரி, ஜான் டேவிஸ் என்ற இருவரும் 1978இல் உருவாக்கிய மூன்று வட்ட வரைபடம் அது. குடும்பம், உடைமை, தொழில் என்று மூன்று வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், அதில் ஏழு இடங்கள் உண்டாகும். ஒரு தாளில் வரைந்து எங்கள் ஆட்களை வைத்துப் பார்த்தேன். அப்பா மூன்று வட்டமும் கூடும் நடுவில். சித்தப்பா குடும்பத்திலும் உடைமையிலும் இருக்கிறார், தொழிலில் இல்லை. அவருக்கு மெஷின் எதுவும் தெரியாது, ஆனால் அவரைக் கேட்காமல் மெஷின் வாங்கக் கூடாது. இருபது வருடமாக இருக்கும் சூப்பர்வைசர் தொழில் வட்டத்தில் மட்டும். நான் குடும்பமும் தொழிலும், உடைமை இல்லை. வீட்டில் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி, ஆளாளுக்கு வேறு வேறு வட்டத்தில் நின்று பேசியதால் வந்தவை. எனக்கு இயந்திரம் தெரியும், காகிதம் தெரியும். பங்கை எப்படி மதிப்பிடுவது, குடும்பத்துக்கு வெளியே ஒருவரை எப்படி மேலே கொண்டுவருவது, சித்தப்பாவின் பிள்ளைகளோடு எதை எழுதி வைத்துக்கொள்வது, இவை தெரியாது. எம்பிஏ எதற்கு என்ற கேள்விக்கு இதைத்தான் எழுதினேன். அழகாக இல்லை, ஆனால் நேர்காணலில் எந்தப் பக்கம் இழுத்தாலும் கிழியவில்லை.

படிப்பின் நீளமும் இதோடு சேர்ந்த கேள்விதான். இரண்டு வருடப் படிப்பில் நடுக் கோடையில் வரும் பயிற்சி வேலை, துறை மாறுபவர்களுக்கு உயிர்நாடி. திரும்பிப் போகிறவர்களுக்கு அது அவ்வளவு அவசியமில்லை. இன்சியாட் என்ற வணிகப் பள்ளியில் இருப்பது மாதிரி பத்து மாதத்தில் முடிகிற படிப்புகள் இருக்கின்றன. வேலையை விடாமல் படிக்கும் எக்ஸிக்யூட்டிவ் எம்பிஏவைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1943இலேயே தொடங்கிவிட்டது. நான் ஒரு வருடப் படிப்பையே தேர்ந்தெடுத்தேன். காரணம் பாதி கணக்கு. மீதி, இரண்டு வருடம் நான் இல்லாமல் தொழிற்சாலை நன்றாக ஓடிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதை விண்ணப்பத்தில் எழுதவில்லை.

ஐந்து கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். இரண்டு நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. ஒன்று நேர்காணல் முடித்து வேண்டாம் என்றது, ஒன்று காத்திருப்புப் பட்டியலில் போட்டு மறந்துவிட்டது. ஒன்று எடுத்துக்கொண்டது. சில கல்லூரிகள் இடம் கொடுத்த பிறகு வெளி நிறுவனம் ஒன்றை வைத்து நாம் எழுதியதையெல்லாம் சரிபார்ப்பார்கள். எனக்கும் அது வந்தது. வேலையில் சேர்ந்த தேதி, பதவி, சம்பளம், எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் இரண்டு வருடம் எனக்குச் சம்பளமே கிடையாது, தேவைப்பட்டபோது கேட்டு வாங்கிக்கொள்வேன். அந்த இரண்டு வருடத்துக்கு ஒரு சீட்டுக்கூட இல்லை. இதைப் படிக்கும் யாராவது குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாமல் இருந்தால், விண்ணப்பிக்கிற எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, இந்த மாதமே சம்பளப் பதிவேட்டில் பெயரை ஏற்றிவிடுங்கள்.

கல்லூரிக்கு அனுப்ப வேலைச் சான்றுக் கடிதம் ஒன்று அப்பா தர வேண்டியிருந்தது. அவர் ஒரு தாளை இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடாத மனிதர், காகித பில்லாக இருந்தாலும் கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் அப்படித்தான். இந்தக் கடிதத்தை அவரே அடித்துக்கொண்டு வந்தார். பதவி சரியாக இருந்தது. சேர்ந்த தேதியைப் பார்த்தேன். பதினெட்டு வருடம் முந்தைய ஒரு மே மாதம்.

"இது என்னப்பா தேதி?"

"நீ லேபிள் ஒட்ட வந்த லீவு. ஆறாவது முடிச்சிருந்தே. அந்த வருஷ டைரியில எழுதி வச்சிருக்கேன்."

"அப்பா, அதெல்லாம் வேலைக் கணக்குல வராதுப்பா. சரிபார்ப்பாங்க."

"அப்ப அது என்ன?"

எனக்குப் பதில் வரவில்லை. சம்பளப் பதிவேட்டில் என் பெயர் ஏறிய தேதியைப் போட்டு வேறு கடிதம் அடித்துக் கொடுத்தேன். வாங்கிக் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கவில்லை.